விலக்கிய ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் மட்டும் வேண்டும்: ரூல் எழுதியும் பேக்கப் மார்ச்சோடு நின்றுவிட்டது

நடுநிசி எழுதியது:

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி அப்புறம். ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிற மாதிரி ஆர்சிங்க் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். ஹோம் ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கும், டெலீட் ஆப்ஷனும் போட்டிருக்கிறேன், அதாவது இங்கே அழித்தது அங்கேயும் அழியும். மார்ச்சில் வெளி டிஸ்க் நிரம்பிவிட்டது. பார்த்தால் 'வேலை' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் வீடியோ துண்டுகள்தான் பாதிக்கு மேல், அவை போனாலும் பரவாயில்லை. ஆனால் அதே வேலைக்குள் 'கணக்கு' என்று ஒரு சின்ன ஃபோல்டர் உண்டு, அது போனால் நான் தொலைந்தேன். அதனால் ரூல் ஃபைலில் இரண்டு வரி சேர்த்தேன் (கழித்தல் குறி எக்ஸ்க்ளூட், அதாவது விலக்கு; கூட்டல் குறி இன்க்ளூட், அதாவது சேர்):

- /வேலை/
+ /வேலை/கணக்கு/

வெளி டிஸ்க்கில் இருந்த பழைய வீடியோக்களைக் கையாலேயே அழித்தேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது வேலை இருந்தது, உள்ளே கணக்கு இருந்தது, ஃபைல்களும் இருந்தன. சரி, வேலை செய்கிறது என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் லேப்டாப் டிஸ்க் போய்விட்டது. ரீஸ்டோர் செய்தால் மற்றதெல்லாம் முந்தின ராத்திரி வரை அப்படியே இருக்கிறது, கணக்கு மட்டும் மார்ச் 14-ஓடு நிற்கிறது. எட்டு மாதம் காலி. லாக்கில் ஒரு எரர் கூட இல்லை, ஒவ்வொரு ராத்திரியும் 'வெற்றி' என்றுதான் முடிந்திருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். ரூல் தப்பு என்றால் கணக்கு ஃபோல்டரே அங்கே இருக்கக்கூடாது. ரூல் சரி என்றால் நேற்று வரை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பாதியில் எப்படி நிற்கும்?


கொக்கி எழுதியது:

வரிசை தப்பு. ஆர்சிங்கில் முதலில் பொருந்துகிற ரூல்தான் செல்லும், அதற்குக் கீழே என்ன எழுதினாலும் பார்க்காது. இரண்டு வரியையும் மேல் கீழாக மாற்றிப் போடுங்கள், முடிந்தது.


நடுநிசி எழுதியது:

மாற்றிப் போட்டேன் கொக்கி. புது லேப்டாப்பில் சோதனைக்கென்று நாலு ஃபோல்டர் உண்டாக்கி, காலியான ஒரு இடத்துக்கு ஓட்டிப் பார்த்தேன்.

+ /வேலை/கணக்கு/
- /வேலை/

கணக்கு வரவே இல்லை. வேலையும் வரவில்லை. முன்பாவது பழைய நகல் கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது அதுவும் இல்லை.


பழையடிஸ்க் எழுதியது:

இந்த இடத்தில் விழாதவர் இல்லை, நானும் விழுந்திருக்கிறேன். கொக்கி சொன்னது பாதி சரி. கொஞ்சம் பொறுமையாக எழுதுகிறேன், படியுங்கள்.

ரூல் ஃபைலைப் பார்த்ததும் நம் மனதில் வருகிற படம் என்ன? எல்லா ஃபைலின் முழுப் பாதையும் ஒரு பெரிய பட்டியலாக இருக்கிறது, ஒவ்வொன்றையும் எடுத்து ரூல்களோடு ஒப்பிட்டு 'நீ உள்ளே, நீ வெளியே' என்று பிரிக்கிறது என்றுதானே? அப்படி நடப்பதில்லை. அந்தப் பட்டியல் எங்கேயும் கிடையாது, நிரல் மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து போய்த்தான் அதை உண்டாக்குகிறது. நடக்கும்போதே ரூல் கேட்கிறது. ஹோமைத் திறக்கிறது, உள்ளே 'வேலை' என்று ஒரு பெயர் கண்ணில் படுகிறது, அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ரூல்களை மேலிருந்து கேட்கிறது. உங்கள் முதல் ரூல் வேலைக்குள் இருக்கும் கணக்கைப் பற்றியது, கையில் இருப்பதோ வெறும் வேலை, பொருந்தவில்லை. அடுத்த ரூல் வேலையை விலக்கு என்கிறது, பொருந்துகிறது. அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே கணக்கு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக நீங்கள் எழுதிய இன்க்ளூட் வரி, மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், கேட்கப்படவே இல்லை.

அதனால் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே இருப்பவற்றை விலக்க வேண்டும்:

+ /வேலை/கணக்கு/
- /வேலை/*

பார்க்க ஒரு நட்சத்திரக் குறிதான் வித்தியாசம். இப்போது நடந்து பாருங்கள். வேலை வருகிறது: முதல் ரூல் பொருந்தாது, இரண்டாவது ரூல் வேலைக்குள் இருப்பதற்கானது, அதுவும் பொருந்தாது. எதுவுமே பொருந்தாவிட்டால் ஆர்சிங்க் சேர்த்துக்கொள்ளும். உள்ளே போகிறது. கணக்கு வருகிறது, முதல் ரூல் பொருந்துகிறது, சேர். வீடியோ வருகிறது, முதலாவது இல்லை, இரண்டாவது பொருந்துகிறது, விலக்கு. அப்புறம் கணக்குக்குள் போய் 'ஏப்ரல்' என்ற ஃபைலைப் பார்க்கிறது. நட்சத்திரம் ஆர்சிங்கில் ஸ்லாஷைத் தாண்டாது, ஆகவே இரண்டாவது ரூல் இதற்குப் பொருந்தாது, எதுவும் பொருந்தாததால் அதுவும் சேர்.

இனி உங்கள் அசல் கேள்வி, பாதியில் நின்றது ஏன் என்பது. ஆர்சிங்கில் எக்ஸ்க்ளூட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. அனுப்பும் பக்கத்தில் அந்தப் பெயரை மறைக்கிறது. வாங்கும் பக்கத்தில் அதே பெயரை அழியாமல் காக்கிறது. டெலீட் ஆப்ஷன் போட்டிருந்தாலும் விலக்கப்பட்டதைத் தொடாது. நீங்கள் மார்ச்சில் ரூல் போட்ட அன்றிலிருந்து கணக்கு புதுப்பிக்கவும் படவில்லை, அழிக்கவும் படவில்லை, அப்படியே உறைந்துவிட்டது. மறுநாள் காலையில் நீங்கள் பார்த்தது பேக்கப் இல்லை, ரூல் போடுவதற்கு முந்தின ராத்திரியின் மிச்சம்.


நடுநிசி எழுதியது:

இரண்டு தடவை படித்தேன். இப்போது புரிகிறது, புரிந்ததும் வயிறு எரிகிறது. அன்றைக்கு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர ஒரு ஃபைலின் தேதியைக்கூடப் பார்க்கவில்லை.

எரர் வராததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நான் எழுதிய ஒரு ரூல் எட்டு மாதமாக ஒரு தடவை கூடப் பயன்படவில்லை என்று சொல்ல என்ன கஷ்டம்?


இரட்டைக்கோடு எழுதியது:

நடுநிசி பக்கம்தான் நானும். இதைப் பயனர் தப்பு என்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்க்ளூட் வரியில் முழுப் பாதையும் இருக்கிறது, அங்கே போக வழியில் எந்தெந்த ஃபோல்டரைத் திறக்க வேண்டும் என்று நிரலுக்குத் தெரியாதா? ஆர்டிஃப் பேக்கப், டூப்ளிசிட்டி என்ற வேறு இரண்டு பேக்கப் நிரல்கள் இதைச் செய்கின்றனவே. அவற்றில் ஓர் ஆழமான ஃபைலுக்கு இன்க்ளூட் எழுதினால் அதன் மேல் ஃபோல்டர்கள் எல்லாம் தானாகச் சேர்ந்துவிடும். டூப்ளிசிட்டி இன்னொன்றும் செய்யும், கடைசி ரூல் இன்க்ளூடாக இருந்தால் ஓடவே மறுக்கும். 'எப்படியும் எல்லாம் சேரப்போகிறது, கடைசியில் சேர் என்று எழுதியிருக்கிறாய், நீ நினைத்தது இதுவாக இருக்காது' என்கிற தோரணையில் ஒரு செய்தி கொடுத்துவிட்டு நின்றுவிடும். நடுநிசி முதலில் எழுதிய வரிசை அங்கே முதல் நாளே மாட்டியிருக்கும்.


பழையடிஸ்க் எழுதியது:

டூப்ளிசிட்டியின் அந்தப் பிடிவாதம் எனக்கும் பிடிக்கும், முதல் தடவை பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் கதவைச் சாத்துவதே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். பல லட்சம் துண்டு ஃபைல்கள் கிடக்கிற கேஷ் ஃபோல்டர் ஒன்றை விலக்குகிறோம் என்றால், அதற்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்து 'நீயும் வேண்டாம், நீயும் வேண்டாம்' என்று சொல்வதில் என்ன லாபம்? போகாமல் இருப்பதால்தான் பேக்கப் சீக்கிரம் முடிகிறது. மெதுவான டிஸ்க்கிலும் நெட்வொர்க் வழியாகவும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

போர்க் என்ற பேக்கப் நிரல் இதில் நியாயமாக நடந்துகொள்கிறது என்பது என் எண்ணம். அதன் பேட்டர்ன் ஃபைலில், அதாவது ரூல் ஃபைலில், விலக்குவதற்கு இரண்டு குறி உண்டு. கழித்தல் குறி போட்டால் அந்த ஃபோல்டரை விலக்கும், ஆனாலும் உள்ளே இறங்கிப் பார்க்கும், அங்கே வேறு இன்க்ளூட் பொருந்தினால் எடுத்துக்கொள்ளும். ஆச்சரியக்குறி போட்டால் விலக்குவதோடு உள்ளேயும் இறங்காது. எது வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இதனால் ஒரு வேடிக்கை. நடுநிசி இரண்டாவது தடவை மாற்றிப் போட்டாரே, கணக்கு மேலே, வேலை கீழே என்று, ஆர்சிங்கில் ஒன்றுமே வராத அந்த இரண்டு வரி, போர்க்கில் பாதையை அதற்கேற்ற மாதிரி முழுதாக எழுதினால் சரியாகவே வேலை செய்யும். அங்கேயும் முதலில் பொருந்துவதுதான் செல்லும், ஆனால் கழித்தல் குறி கதவைச் சாத்துவதில்லை. ஒரு நிரலுக்கு எழுதிய ரூல் ஃபைலை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.


மூன்றாம்நகல் எழுதியது:

நான் ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலின் ஆள். இங்கே எல்லாம் தலைகீழ். எக்ஸ்க்ளூட் ஃபைலில் மேலிருந்து கீழே எல்லா வரியும் பார்க்கப்படும், கடைசியில் பொருந்துவது செல்லும், ஆச்சரியக்குறி போட்டால் முன்பு விலக்கியதைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று பொருள். நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கிட் என்ற கருவிக்கு இக்னோர் ஃபைல் எழுதிப் பழகியவர்களுக்கு இது பழக்கமான முறை. ஆக நடுநிசி கேட்டதை இப்படி எழுத வேண்டும்:

/ஹோம்/நடுநிசி/வேலை/*
!/ஹோம்/நடுநிசி/வேலை/கணக்கு

போர்க்கில் ஆச்சரியக்குறி 'கிட்டேயே போகாதே', ரெஸ்டிக்கில் அதே ஆச்சரியக்குறி 'திரும்ப வா'. யார் இப்படி யோசித்தார்களோ தெரியாது.

ஆனால் கதவு விஷயத்தில் ரெஸ்டிக்கும் கிட்டும் ஆர்சிங்கின் கட்சிதான். நட்சத்திரம் இல்லாமல் வேலை ஃபோல்டரையே விலக்கிவிட்டால் அப்புறம் எத்தனை ஆச்சரியக்குறி போட்டாலும் உள்ளே இருப்பது வராது.

இன்னொன்று, தொடக்கத்தில் வரும் ஸ்லாஷ். ரெஸ்டிக்கில் அது டிஸ்க்கின் வேர், அதனால் முழுப் பாதை எழுதியிருக்கிறேன். ஆர்சிங்கில் அப்படி இல்லை, பழையடிஸ்க் சொன்னால் நன்றாக இருக்கும்.


பழையடிஸ்க் எழுதியது:

ஆமாம், ஆர்சிங்கில் தொடக்க ஸ்லாஷ் என்பது நகலெடுப்பு தொடங்குகிற இடம். அது எங்கே தொடங்குகிறது என்பது, மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் நீங்கள் ஸ்லாஷ் போட்டீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. 'நடுநிசி/' என்று கொடுத்தால் அந்த ஃபோல்டரின் உள்ளே இருந்து தொடக்கம், ரூலில் /வேலை/* போதும். ஸ்லாஷ் இல்லாமல் 'நடுநிசி' என்று கொடுத்தால் அந்தப் பெயரும் சேர்ந்து போகிறது, ஆகவே ரூலை /நடுநிசி/வேலை/* என்று எழுத வேண்டும். கட்டளை வரியின் கடைசியில் ஒரு ஸ்லாஷை அழித்ததால் ரூல் ஃபைல் மொத்தமும் எதற்கும் பொருந்தாமல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதாவது எதுவும் விலகாது, எல்லாம் வந்து குவியும், டிஸ்க் நிரம்பியதும்தான் தெரியும். அந்தத் தப்பு பரவாயில்லை, தேவையில்லாதது வந்ததே தவிர தேவையானது போகவில்லை.


கொக்கி எழுதியது:

நான் அவசரப்பட்டு எழுதியதற்கு மன்னிக்கவும் நடுநிசி. என் ஸ்கிரிப்டையும் இப்போது திறந்து பார்த்தேன், என்னுடையது இன்னும் மோசம். ஜேபிஜி படங்கள் மட்டும் வேண்டும் என்று

+ *.ஜேபிஜி
- *

இப்படி வைத்திருக்கிறேன். மேல் மட்டத்தில் கிடக்கிற படங்கள் மட்டும் வந்திருக்கின்றன, ஃபோல்டருக்குள் இருப்பது ஒன்றுகூட இல்லை. நேற்று வரை யாராவது கேட்டால் 'எனக்கு நன்றாக ஓடுகிறது' என்றுதான் சொல்லியிருப்பேன்.


பழையடிஸ்க் எழுதியது:

அதே கதவுதான். '- *' எல்லா ஃபோல்டரையும் சாத்திவிடுகிறது. முதல் வரியாக '+ */' சேருங்கள், ஃபோல்டர் எதுவானாலும் உள்ளே போ என்று அதற்குப் பொருள், கடைசியில் வரும் ஸ்லாஷ் ஃபோல்டருக்கு மட்டும் பொருந்தும். ஆனால் இப்படிச் செய்தால் படமே இல்லாத ஃபோல்டர்களும் காலிக்கூடாக வந்து நிற்கும், காலி ஃபோல்டர்களைத் தவிர்க்கிற ஆப்ஷனையும் சேர்த்துக்கொண்டால் அது போய்விடும். கேமராவிலிருந்து வரும் படங்கள் சிலவற்றில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கும், லினக்ஸில் அது வேறு, இது வேறு. அதற்கும் ஒரு வரி போடுங்கள்.


வெள்ளைத்தாள் எழுதியது:

ஓரமாக ஒரு கேள்வி. கட்டளை வரியிலேயே எக்ஸ்க்ளூட் போட்டு, ஒரு இடம் விட்டு நட்சத்திரம் புள்ளி லாக் என்று கொடுத்தேன். லாக் ஃபைல் ஒன்று மட்டும் விலகியது, மற்ற லாக் ஃபைல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. இது எந்தக் கதவு?


மூன்றாம்நகல் எழுதியது:

இது கதவு இல்லை, ஷெல் செய்த வேலை. ஷெல் என்பது நீங்கள் தட்டும் கட்டளையை முதலில் படிக்கிற நிரல். மேற்கோள் குறி போடாமல் நட்சத்திரம் கொடுத்தால் பேக்கப் நிரல் கைக்கு அது போவதற்கு முன்பே ஷெல் அதை விரித்துவிடும். நீங்கள் நிற்கிற ஃபோல்டரில் மூன்று லாக் ஃபைல் இருந்தால் மூன்று பெயரும் வரிசையாகப் போகும். முதல் பெயர் எக்ஸ்க்ளூடோடு ஒட்டிக்கொள்ளும், மீதி இரண்டும் 'இவற்றையும் நகலெடு' என்று ஆகிவிடும். நீங்கள் விலக்கச் சொன்னதையே கூப்பிட்டுச் சேர்த்த மாதிரி. ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அல்லது ரூல்களை ஃபைலில் எழுதிவிடுங்கள், ஃபைலில் ஷெல் தலையிடாது. தலையிடாது என்பதால் ஹோமைக் குறிக்கும் அலைக்குறியும் அங்கே விரியாது, அதை நம்பி எழுதினால் அந்த ரூல் சும்மா உட்கார்ந்திருக்கும்.


இரட்டைக்கோடு எழுதியது:

நட்சத்திரம் ஸ்லாஷைத் தாண்டுமா தாண்டாதா என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஆர்சிங்க், ரெஸ்டிக் இரண்டிலும் ஒற்றை நட்சத்திரம் தாண்டாது, இரட்டை நட்சத்திரம் தாண்டும். குனூ டார் என்ற நிரலின் எக்ஸ்க்ளூடில் ஒற்றை நட்சத்திரமே தாண்டும். போர்க்கில் அது எந்த வகைப் பேட்டர்ன் என்பதைப் பொறுத்தது, எக்ஸ்க்ளூட் ஆப்ஷனில் கொடுத்தால் தாண்டும், பேட்டர்ன் ஆப்ஷனில் கொடுத்தால் தாண்டாது, இரண்டும் ஒரே நிரலுக்குள்ளே! ஆர்குளோன் என்ற நகலெடுப்பு நிரலில் இன்னொரு பொறி: இன்க்ளூட் ஒன்று போட்டாலே மற்றது எல்லாம் தானாக வெளியே போய்விடும். ஆர்சிங்கில் இன்க்ளூட் மட்டும் போட்டால் ஒன்றுமே மாறாது, எப்படியும் எல்லாம் சேரும். ஆர்குளோனில் இன்க்ளூடையும் எக்ஸ்க்ளூடையும் கலக்கவே வேண்டாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், வரிசை முக்கியம் என்றால் ஃபில்டர் ஆப்ஷன் மட்டும் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நான் பாதை ரூல்களையே குறைத்துவிட்டேன். விலக்க வேண்டிய ஃபோல்டருக்குள்ளேயே ஓர் அடையாள ஃபைல் போட்டுவிடுவேன், அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் ஃபோல்டரை விட்டுவிடு என்று போர்க்குக்கும் ரெஸ்டிக்குக்கும் சொல்ல முடியும். ஃபோல்டரை எங்கே நகர்த்தினாலும் அடையாளம் கூடவே போகும், ரூல் ஃபைலைத் தொட வேண்டாம்.


பழையடிஸ்க் எழுதியது:

நல்ல வழிதான். நகர்த்தினால் கூடவே போகும் என்பதுதான் அதன் பயமும். விலக்கிய ஃபோல்டர் ஒன்றை நகலெடுத்து, அதை வைத்துப் புது வேலையைத் தொடங்குவீர்கள், அடையாள ஃபைலும் நகலாகியிருக்கும், புது வேலை முழுவதும் பேக்கப்புக்கு வெளியே. மேக்கின் பேக்கப் நிரலான டைம் மெஷினுக்கும் இதே குணம் உண்டு, கட்டளை வரியில் விலக்கினால் சாதாரணமாக அது அந்தப் பொருளின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், பாதையோடு கட்டிப்போட வேண்டும் என்றால் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

'இது கேஷ் ஃபோல்டர்' என்று காட்டும் கேஷ்டிர் டேக் என்ற பொதுவான அடையாள ஃபைலைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெயரில் காலி ஃபைல் போட்டால் போதாது. ஃபைலின் முதல் 43 எழுத்துகள் குறிப்பிட்ட கையெழுத்து வரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடையாளமாக ஏற்காது. தற்செயலாக அதே பெயரில் யாராவது ஃபைல் வைத்துவிட்டால் ஃபோல்டர் காணாமல் போகக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.


ஈற்றெழுத்து எழுதியது:

தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிற நம் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நான் இரண்டு நாள் தொலைத்தேன்.

'போட்டோ' என்று ஒரு ஃபோல்டர். விலக்கு என்று ரூல் எழுதினேன், விலகவில்லை. ஸ்லாஷ் பார்த்தேன், வரிசை பார்த்தேன், மேற்கோள் குறி பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் அந்தப் பெயரை பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தால், ரூல் ஃபைலில் இருக்கும் போட்டோ 18 பைட், டிஸ்க்கில் இருக்கும் போட்டோ 24 பைட்! திரையில் இரண்டும் ஒரே மாதிரி.

காரணம் ஓகாரக் குறி. யூனிகோடில் அதை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் சொல்கிறது, ஆனால் லினக்ஸில் ஃபைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, ஆர்சிங்கும் பைட்டைத்தான் ஒப்பிடும். யூனிகோடைப் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், போட்டோவில் இரண்டு ஓகாரம், பிரித்து எழுதினால் 6 பைட் கூடுதல். கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள். என் படங்கள் பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்தவை, அந்த எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். ரூலை நான் லினக்ஸில் தட்டினேன், அது சேர்த்த வடிவம்.

ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கான்வ்எம்வி என்ற சிறு நிரலை வைத்துப் பெயர்களையெல்லாம் சேர்த்த வடிவத்துக்கு மாற்றினேன், அதோடு சரியாகிவிட்டது.

நடுநிசியின் 'வேலை', 'கணக்கு' இரண்டிலும் இந்த எழுத்து இல்லை. உங்களுக்கு அந்தக் கஷ்டமாவது மிச்சம்.


நடுநிசி எழுதியது:

அதுவாவது மிச்சம் என்று சந்தோஷப்படுகிறேன் ஐயா!

நட்சத்திர வரியைப் போட்டுச் சோதித்தேன், காலி இடத்துக்கு ஓட்டினால் கணக்கு முழுதாக வருகிறது. ஆனால் என் நம்பிக்கை போய்விட்டது. ரூல் ஃபைலில் மொத்தம் 31 வரி இருக்கிறது, இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. மீதி 29 வரியும் நான் நினைத்ததைத்தான் செய்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேக்கப்பில் இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதானே இங்கே நான் கற்ற பாடம். உறைந்தவற்றை ஒழிக்க 'விலக்கியதையும் அழி' என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிடலாமா?


பழையடிஸ்க் எழுதியது:

அந்த ஆப்ஷனை இப்போது தொடாதீர்கள். ரூல் சரியாக இருந்தால் அது நல்லது, பேக்கப்பில் உறைந்த மிச்சம் எதுவும் நிற்காது. ரூல் தப்பாக இருந்தால், உங்களிடம் இப்போது மார்ச் வரையாவது இருக்கிறதே, அதுவும் இருந்திருக்காது. முதலில் சோதனை, அப்புறம் அது.

சோதிக்க இரண்டு வழி. ஒன்று, டிரை ரன்னில், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டத்தில், வி என்ற ஆப்ஷனை இரண்டு தடவை கொடுத்து ஓட்டுங்கள். இன்ன ஃபோல்டரை இன்ன பேட்டர்னால் மறைக்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரும், டெலீட் ஆப்ஷனும் சேர்ந்திருந்தால் வாங்கும் பக்கத்தில் இதைக் காக்கிறேன் என்றும் வரும். உங்கள் உறைந்த ஃபோல்டர்கள் அந்தக் 'காக்கிறேன்' வரிகளில் இருக்கும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. ராத்திரி பேக்கப் முடிந்ததும், அதே மூலம், அதே இலக்கு, டெலீட் ஆப்ஷனோடு, ஆனால் ரூல் ஃபைலே இல்லாமல் ஒரு டிரை ரன், மாற்றங்களைப் பட்டியலிடும் ஐ என்ற ஆப்ஷனோடு. ரூல் இல்லாவிட்டால் எதையெல்லாம் புதிதாக நகலெடுத்திருக்குமோ அதுதான் உங்கள் ரூல்கள் வெளியே நிறுத்தியவை, எதையெல்லாம் அழித்திருக்குமோ அது மூலத்தில் செத்துப்போய் இலக்கில் உறைந்து நிற்பவை. ரூல் என்ன சொல்கிறது என்று யோசிக்கவே வேண்டாம், விளைவே கண்முன் வரும். டிரை ரன்னுக்கான 'என்' என்ற ஆங்கில எழுத்து ஆப்ஷனை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.


நடுநிசி எழுதியது:

நேற்று ராத்திரி ஓட்டினேன். 'என்' என்ற அந்த ஆப்ஷன் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

பட்டியல் நீளம், ஆனால் முக்கால்வாசி வீடியோவும் கேஷும்தான், எதிர்பார்த்ததே. கீழே இறங்கி வரும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன்: வேலை/கணக்கு/பழையது/. கணக்குக்குள்ளேயே ஒன்று வெளியே நிற்கிறது! தேடிப் பார்த்தால் ரூல் ஃபைலின் ஆறாவது வரி:

- பழையது

இறக்கம் ஃபோல்டரில் குப்பை போட்டுவைக்க 'பழையது' என்று ஒன்று வைத்திருந்தேன், அதற்காக எப்போதோ எழுதியது. கணக்கிலும் முந்தைய வருடங்களை அதே பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. கணக்கு வரியை மேலே வைத்திருக்கிறேனே, முதலில் பொருந்துவதுதானே செல்லும், அது காப்பாற்றாதா?


பழையடிஸ்க் எழுதியது:

காப்பாற்றாது, '+ /வேலை/கணக்கு/' என்பது அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும்தான் பொருந்தும், உள்ளே இருப்பவற்றுக்கு இல்லை. உள்ளே இருப்பவை இதுவரை சேர்ந்தது எந்த ரூலும் பொருந்தாததால். பழையதுக்கு ஒன்று பொருந்திவிட்டது. ஸ்லாஷே இல்லாத பெயர் எந்த ஆழத்தில் இருந்தாலும் பொருந்தும்.

ஆறாவது வரியை /இறக்கம்/பழையது/ என்று மாற்றுங்கள், அது போதும். கணக்குக்குள் எதையும் எந்த ரூலும் தொடக்கூடாது என்றால், முதல் வரியில் மூன்று நட்சத்திரம் போடுங்கள், அந்த ஃபோல்டரும் அதற்குள் இருப்பது எல்லாமும் என்று பொருள்:

+ /வேலை/கணக்கு/***

இதை ஃபைலின் முதல் வரியாக வையுங்கள், ஆறாவது வரிக்குக் கீழே வைத்தால் பயனில்லை.


நடுநிசி எழுதியது:

இரண்டையும் செய்துவிட்டேன். ரூல் இல்லாத டிரை ரன்னை மறுபடி ஓட்டினேன், பட்டியலில் கணக்கு என்ற சொல்லைத் தேடினால் ஒன்றும் வரவில்லை. போன எட்டு மாதத்தில் மின்னஞ்சலில் அனுப்பிய ஃபைல்கள் மட்டும் திரும்பக் கிடைத்திருக்கின்றன, ஜூன், ஜூலை இரண்டும் முழுசாக இல்லை. வங்கிப் பட்டியலை வைத்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.